பின்னால் இழுக்க இழுக்க வேகம் ஏறிய மோட்டார்

இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தை எப்படிக் குறைப்பது என்று இன்று யாரைக் கேட்டாலும், "டிரைவ் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரீக்வன்சியை மாற்றினால் வேகம் மாறும்; குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. எங்கள் காலத்தில் அந்தச் சொகுசு ஏது? காந்த முனைகளின் எண்ணிக்கையை, அதாவது போலை, மாற்றுகிற மோட்டார் என்றால் இரண்டே வேகம். இல்லாவிட்டால் ஸ்லிப்ரிங் மோட்டார். உள்ளே சுழலும் ரோட்டரிலிருந்து மூன்று ஒயரை வெளியே எடுத்து ரெசிஸ்டன்ஸ் பெட்டியில் இணைப்போம். ரெசிஸ்டன்ஸைக் கூட்டினால் வேகம் குறையும், எடுத்துவிட்டால் முழு வேகம். இதை வேதவாக்கு மாதிரி நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சேர்வராயன் மலையில் ஒரு மழை நாளில் அது என் கழுத்தைப் பிடித்தது.

1. நான் சொன்ன சூத்திரம்

நாகலூரைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட். பழம் அரைக்கும் பல்பர் கொட்டகையும் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும் மேட்டில். தோட்டம் கீழே பள்ளத்தில். பறித்த பழத்தை மூட்டை கட்டி டிராலியில் ஏற்றி, சரிவில் போட்ட தண்டவாளம் வழியாக, ஸ்லிப்ரிங் மோட்டாரால் கயிற்றைச் சுற்றும் வின்ச் வைத்து மேலே இழுப்பார்கள். அந்த வின்ச்சின் ரெசிஸ்டன்ஸ் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் புதுசு மாட்ட என்னைச் சேலத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள்.

வின்ச் ஓட்டியவன் ஆறுமுகம். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவன். சொன்னதை அப்படியே செய்கிறவன், கையில் நிதானம் உண்டு. கன்ட்ரோலர் ஹேண்டிலில் ஐந்து நாட்ச், அதாவது ஐந்து படி. முதல் நாட்சில் ரெசிஸ்டன்ஸ் முழுக்க இருக்கும், ஐந்தாவதில் துளிகூட இருக்காது. மாட்டி முடித்து, மூட்டையோடு டிராலியை மூன்று தடவை மேலே இழுத்தோம். சொன்னபடி கேட்டது.

"ஆறுமுகம், ஓட்டம் ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா ஹேண்டிலப் பின்னாடி இழு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவேதான்."

கீழே இறக்கிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம், காலி வண்டியை. அந்தத் தோட்டத்தில் பாரம் மேலேதான் வரும். கீழே போவது எப்போதும் காலி வண்டி. கியரின் இறுக்கத்தை மீறி அது தானாக உருளாது, மோட்டார்தான் சுற்றிக் கயிற்றை விட்டுக்கொண்டு போகவேண்டும். எனக்கு அது போதுமென்று பட்டது. அன்றைக்கு மலையிலேயே தங்கிவிட்டேன்.

2. டிராலியில் ஏழு பேர்

மறுநாள் காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. லைன் பக்கம் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து கந்தசாமி என்ற தொழிலாளியின் தொடையில் விழுந்துவிட்டது. துண்டை இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. மேல் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் ஜீப் வர வழியில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கீழ் ரோட்டுக்கு ஜீப்பை வரச் சொல்லிவிட்டு, ஆளை டிராலியில் இறக்கச் சொன்னார்.

அந்த லைனில் ஒரு பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைச் சொந்தபந்தம் தனியாக விடாது. மனைவி ராசம்மா ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன், தம்பி, மச்சான், மாமன், சித்தப்பன் என்று ஐந்து பேர் பின்னாலேயே ஏறிவிட்டார்கள்.

"ரெண்டு பேரு போதும், எறங்குங்கய்யா!" என்று ரைட்டர் கத்தினார்.

"ஏனுங்க, கூடப் பொறந்தவனுக்கு ஒண்ணுன்னா நாங்க மேல நின்னு வேடிக்க பாக்கறதுங்களா?" என்றான் அண்ணன்காரன். ஒருவரும் இறங்கவில்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை மூட்டையை மேலே இழுக்கிற மோட்டாருக்கு ஏழு பேரைக் கீழே இறக்குவதா பெரிசு என்று நினைத்தேன். மடையன்!

3. ஹேண்டில்

ஆறுமுகம் காலி வண்டிக்குச் செய்கிற மாதிரியே மூன்றாம் நாட்சில் வைத்துப் பிரேக்கை விட்டான். டிராலி கிடுகிடுவென்று கிளம்பியது.

"ஓட்டம் ஜாஸ்தி. பின்னாடி இழு" என்றேன்.

இரண்டுக்கு இழுத்தான். வேகம் ஏறியது. ஒன்றுக்கு இழுத்தான். இன்னும் ஏறியது. கயிறு சுற்றிய டிரம் ஊளையிட ஆரம்பித்தது.

"ஏனுங்கண்ணா, இழுக்க இழுக்க ஓட்டம் ஏறுதுங்க!"

பாய்ந்து போய்ப் பிரேக்கை மிதித்தேன். கூரை ஒழுகிப் பிரேக் பட்டை நனைந்திருந்தது. வழுக்கியது, கருகல் நாற்றம் வந்தது, பிடிக்கவில்லை. கீழிருந்து அலறல் கேட்டது. "ஐயோ, ஆஃப் பண்ணுங்கய்யா!" என்று ரைட்டர் கத்த, என் கை மெயின் சுவிட்சுக்குப் போய்விட்டது. கண் மட்டும் கரண்டைக் காட்டும் அம்மீட்டரைப் பார்த்தது. முள் மேலே நின்றது. மோட்டார் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. எதை?

அப்போதுதான் உறைத்தது. மோட்டார் டிராலியை இழுக்கவில்லை, டிராலிதான் மோட்டாரை இழுக்கிறது. நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று என்கிற தன் வேகத்துக்கு மேல் தன்னை யாராவது ஓட்டினால், மோட்டாரே எதிர்த்துப் பிடிக்கும். ரோட்டரில் ரெசிஸ்டன்ஸ் கூடக்கூட அந்தப் பிடி தளரும். ஆக, பின்னால் இழு, பின்னால் இழு என்று நான் பிடியைத்தான் தளர்த்தச் சொல்லியிருக்கிறேன். சுவிட்சை அணைத்திருந்தால் இருந்த பிடியும் போயிருக்கும்.

"முன்னால தள்ளு ஆறுமுகம்! ஒவ்வொண்ணா!"

"முன்னாலயா? எல்லாஞ் செத்துப் போயிருவாங்கண்ணா!"

"தள்ளு! பழி எம்மேல!"

அவன் தள்ளவில்லை. முந்தின நாள் நான் சொன்னதை அத்தனை நம்பியிருந்தான். அவன் கைமேல் என் கையை வைத்துத் தள்ளினேன். இரண்டு. மூன்று. இரும்புக் கயிறு விண்ணென்று விறைத்தது. ஒரேயடியாகத் தள்ளினால் அறுந்துவிடும் என்ற பயத்தில் மூச்சுவிட்டு நான்கு. அடுத்து ஐந்து. டிரம்மின் ஊளை இறங்கியது. வேகம் ஆயிரம் சுற்றை ஒட்டி வந்து நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை.

தண்டவாளத்தின் கடைசித் தூரம் சமதரை. மிதித்து மிதித்துப் பட்டையும் காய்ந்திருந்தது. கரண்டை அணைத்து இருவரும் பிரேக்கில் ஏறி நின்றோம். கீழிருந்து, ஆள் இறங்கியாயிற்று என்று மணி இரண்டு தடவை அடித்தது.

ரைட்டர் நேரே ஆறுமுகத்திடம் போனார். "ஏண்டா, கொறைக்கத் தெரியாதவன் எதுக்கு ஹேண்டிலத் தொடற?" என்று அத்தனை பேர் முன்னால் கிழித்தார். ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டான். நான், "பிரேக் பட்டை நனைஞ்சு போச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பாதி.

4. மறுவாரம்

மறுவாரம் நானே போய், டிராலி நிறைய உர மூட்டை அடுக்கி, நாட்ச் நாட்சாகக் கீழே இறக்கிப் பார்த்தேன். இறங்கும்போது ஹேண்டில் ஐந்தில்தான் இருக்கவேண்டும் என்று சுவரில் பெயிண்டால் எழுதினேன். டிரைவ் மாட்டுகிற தம்பிகளே, உங்களுக்கும் இதேதான். பாரம் இறங்குகிற இடமென்றால், அது மோட்டாரை ஓட்டித் திருப்பி அனுப்புகிற கரண்டை விழுங்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்த்ததோடு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எழுதி முடித்தபோது ராசம்மா தூக்குப்போசியோடு வந்தாள். ஆறுமுகமும் ரைட்டரும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"காலு தப்பிச்சிருச்சுங்க. இன்னுங் கொஞ்சம் நேரமாயிருந்தா உசுரே நின்னுருக்காதுன்னு டாக்டரு சொன்னாருங்க. அவசரந் தெரிஞ்சு அத்தன வேகமா எறக்குனீங்களே, நொம்ப நல்லா இருப்பீங்க. கோயில்ல உங்க பேருல பொங்கல் வெச்சேனுங்க" என்று போசியை என்னிடம் நீட்டினாள்.

ஆறுமுகம் என்னைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு சிரித்திருக்கலாம். முடியவில்லை.

"அம்மா, அது நாங்க வேணும்னு எறக்குன வேகம் இல்லீங்க. கைய மீறிப் போயிருச்சு. இவன் மேல தப்பில்ல, நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப நாங்க ஏழு பேரும்..."

"ஆமாங்க."

அவள் என்னிடம் நீட்டிய போசியை ஆறுமுகத்தின் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.