அத்தையின் ஸ்கூட்டருக்குச் சிவப்பு அடிக்கப் போனது

என் அத்தையின் ஸ்கூட்டர் என்னைவிட மூத்தது; இப்போது நான்தான் ஓட்டுகிறேன். கம்பெனியிலிருந்து வந்த அதே வெளிர்நீலம்தான் இன்றும். ஓரங்களில் துரு படர்ந்திருக்கிறது, முன் மட்கார்டு மட்டும் நிறமில்லாமல் மொட்டையாக இருக்கிறது, கால் வைக்குமிடத்தில் நிறம் தேய்ந்து தகடு தெரிகிறது. பெயின்ட் அடிக்கச் சொல்லி எனக்கு யோசனை சொல்லாதவர்கள் ஆம்பூரில் குறைவு. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எனக்கு ஒன்பது வயதில் ஒருமுறை அதற்குப் பெயின்ட் அடிக்கப் பார்த்தார்கள். ஏற்பாடு அப்பாவுடையது. நிறம் தேர்ந்தெடுத்தவள் நான்.

அது தாத்தா ஓட்டிய வண்டி. அவருக்குப் பின் அத்தை அதில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். எங்கள் தெருவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் வண்டி ஓட்டியதில்லை. ஒரே வாரத்தில், இஞ்சினை மூடும் பக்கத் தகட்டில் யாரோ ஆணியால் 'எறங்கு' என்று கீறிவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முந்தைய கதை. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொற்களில் அதுவும் ஒன்று.

அத்தை இறங்கவில்லை. கீறலை மறைக்கவுமில்லை. ஞாயிறுதோறும் பனியன் துணியில் மெழுகு தொட்டு, துரு ஏறாதபடி ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விட்டுத் துடைப்பாள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு டயர் பஞ்சராகி, அத்தை ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போனாள். பஞ்சர் ஒட்டி வைப்பதாகச் சொன்ன அப்பா, என்னையும் கூட்டிக்கொண்டு வண்டியைப் பெயின்டர் பாயின் பட்டறைக்குத் தள்ளிப் போனார். நான் சிவப்பு கேட்டேன். பாய் முன் மட்கார்டில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்க, நீலம் தூளாக உதிர்ந்தது. அப்பாவோ, "மொதல்ல அந்தப் பக்கத் தகட்ட தேய், பாய்" என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

பாய் தகட்டில் கை வைத்தபோது அத்தை வந்து நின்றாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா சொல்லியிருக்கிறாள். கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பாய், கைய எடுங்க."

"இன்னாத்துக்குமா இந்தப் பேஜாரு? பாக்கறவன்லாம் சிரிக்கிறான்" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். தோல்ல இருக்கிற கீறல கலர் போட்டு மறைக்கிறதுக்குத்தான் கம்பெனில எனக்குச் சம்பளம். இத மறைக்க மாட்டேன். எழுதனவன் எதிர்ல வந்து 'நான்தான்'னு சொல்லட்டும், அப்பறம் அடிச்சுக்கலாம் செவப்பு."

அப்பா குனிந்து பஞ்சரான டயரைப் பார்த்தார். பாய் உப்புத்தாளைக் கீழே வைத்தார். நீலம் போன இடத்துக்கு மேல்பூச்சு வேண்டாம், எண்ணெய் மட்டும் தடவுங்கள் என்று அத்தை சொல்லிவிட்டாள். பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டியதும், முன்புறம் மொட்டையாகவே வண்டியைக் கிளப்பி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். அப்பாவையும் கூப்பிட்டேன். நடந்து வருவதாகச் சொன்னார்.

வழியில், "யார் எழுதனதுன்னு தெரியுமா அத்த?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றாள். வண்டியின் வேகத்தைக் கூட்டினாள்.

சாயங்காலம் அப்பா வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். சிவப்பு போன வருத்தம் எனக்கும் இருந்தது. பக்கத்தில் போய், "எழுதனவன் மட்டும் கெடச்சான்னா அவன் கைய ஒடைக்கணும்பா" என்றேன்.

அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒடைக்கணும்தான்" என்றார்.

அப்பாவும் என் கட்சிதான் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.