கோபம் என்று நாங்கள் நினைத்தது

அண்ணையின் நோய் ஒரு கெட்ட வார்த்தையில் தொடங்கியது. அதனால் அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை.

கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகரப் பகுதியில், மூன்று மாடி வீடொன்றின் தட்டைக் கூரையில் நின்றுகொண்டிருந்தோம். அண்ணைக்குக் கூரை வேலை. பழைய தாரையும் சரளைக் கல்லையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய தார்த்தாளை எரிவாயுச் சுடரால் இளக்கி ஒட்டுவது. பல்கலைக்கழக விடுமுறையில் நான் அவருக்குக் கையாளாக நிற்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அண்ணை பாதியில் விட்டுவிட்டுத் தாருக்குப் போனதால்தான் முடித்தேன்.

இதை எழுதுவது, வெப்பத் தாக்கு (உடலின் உள்வெப்பம் நாற்பது பாகைக்கு மேலே போய் மூளையைக் குழப்புவது) கண்ட ஒருவரின் கட்டிலருகே இருப்பவர்களுக்காக. அந்த நாட்களில் நான் தமிழில் தேடிப் பார்த்தேன். மோர் குடியுங்கள், தர்ப்பூசணி சாப்பிடுங்கள் என்று வந்தது. அண்ணை அப்போது செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்.

அன்று காலை வானிலை அறிவிப்பில் மூன்று விஷயம் சொன்னார்கள். ஈரப்பதத்தையும் சேர்த்தால் உடல் உணரும் வெப்பம் நாற்பதைத் தாண்டும். வடக்கே எரியும் காடுகளின் புகை நகரத்தின் மேல் நிற்கும். பின்னேரம் இடியுடன் மழைக்கு வாய்ப்புண்டு. கூரை வேலைக்காரரின் காதில் மூன்றாவது மட்டும்தான் விழும். பழைய கூரையைப் பிரித்துவிட்டால் மழைக்கு முன் மூடியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கீழே குடியிருப்பவரின் கட்டிலில் தண்ணீர் விழும். நாங்கள் முதல் நாளே பாதிக் கூரையைப் பிரித்திருந்தோம்.

மதியத்துக்குள் புகை மஞ்சளாக இறங்கிவிட்டது. எதிர் வீதியின் மரங்கள் தெரியவில்லை. கண் எரிந்தது, நாக்கில் சாம்பல் ருசி. புகைக்குள் வெயில் குறைந்ததுபோல் இருக்கும், குறைவதில்லை. காலுக்குக் கீழே தார் கொதித்தது, கையில் சுடர் எரிந்தது.

"டேய், அந்த ரோலை எங்கயடா வைச்சனீ?"

"உங்கட காலடியில கிடக்கு, அண்ணை."

"அப்ப எனக்குக் கண் இல்லையெண்டு சொல்லுறியோ?"

அதற்குப் பிறகு வந்தது அந்த வார்த்தை. அது என் அம்மாவைப் பற்றியது. அவருக்கும் அவர்தான் அம்மா என்பது அண்ணைக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது யோசித்தால், அதுதான் முதல் அறிகுறி.

ஆனால் அண்ணை கோபக்காரர். வீட்டில் அவருடைய குரல் உயர்ந்தால் நான் வாயை மூடுவேன், அண்ணி குசினி அடுப்படிக்குப் போய்விடுவார். வேலையிடத்திலும் அப்படித்தான். எங்கள் மேற்பார்வையாளர் கேத்தான், ஐம்பது வயதைத் தாண்டிய கியூபெக்காரர், அவரே அண்ணை ஏசும்போது தூரத்தில் போய் நின்று சிகரெட் பற்றவைப்பார். அன்றும் எல்லோரும் விலகி வழிவிட்டோம். நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்ற வேண்டிய ஒரு மனிதரை நாங்கள் மரியாதையாகத் தனியே விட்டோம்.

அவர் தார் வாளியைத் தூக்கிக் கூரைக்கு வெளியே எறிந்தார். கீழே ஒரு காரின் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. கேத்தான் ஓடிவந்து ஏதோ கத்தினார். அண்ணை சுரண்டும் மண்வெட்டியை எடுத்து அவருடைய தலைக்கு வீசினார். கேத்தான் குனிந்தார்; மண்வெட்டி புகைபோக்கியில் பட்டுச் செங்கல் சிதறியது. இரண்டாம் முறை வீசும்போது அண்ணையின் கால்கள் பின்னின. விளிம்பை நோக்கி அவர் நேராகப் போகவில்லை, குடிவெறிகாரன் போலக் கோணலாகப் போனார். அந்தக் கோணல் நடையில்தான் எனக்கு விளங்கியது. கோபத்தில் இருக்கிற மனுசன் நேராக நடப்பான்.

நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்து விழுத்தினேன். இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அவர் என் முன்கையைக் கடித்தார். பல் இறங்கியது. அதைவிட அவருடைய உடம்புதான் என்னைப் பயமுறுத்தியது. சட்டைக்குள்ளால் என் நெஞ்சைச் சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைக் கட்டிப்பிடித்ததுபோல் இருந்தது.

காரின் சொந்தக்காரர் பொலிசுக்கு அழைத்திருந்தார். ஏணியால் முதலில் ஏறி வந்தது இரண்டு பொலிஸ்காரர். அவர்கள் கண்டது, மண்வெட்டியால் ஆளை வெட்டப் போன ஒரு கறுத்த மனுசனை. ஒருவர் விலங்கை எடுத்தார். "இவருக்கு உடம்புக்கு வருத்தம், இவர் சண்டைக்காரன் இல்லை" என்று நான் பிரெஞ்சில் கத்தினேன். என் கையிலிருந்து இரத்தம் வழிந்ததால் அந்த வசனம் அவ்வளவு எடுபடவில்லை. மற்றவர், ஒரு இளம் பெண், குனிந்து அண்ணையின் கழுத்தில் கை வைத்தார். உடனே கையை எடுத்து, அம்புலன்ஸுக்கு அழைத்தார். "ஐஸ் இருக்கா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் அண்ணைக்கு வலிப்பு வந்தது. குதிக்கால்கள் தாரில் அடித்துக்கொண்டே இருந்தன.

ஒரு பொடியன் தெருமுனை டெப்பனரில் (பெட்டிக்கடை போன்ற சிறு கடை) இருந்த ஐஸ் பை முழுவதையும் அள்ளி வந்தான். அம்புலன்ஸ்காரர் ஏறி வந்து, கீழே கொண்டுபோக முன் இங்கேயே குளிர்விக்க வேண்டும் என்றார். ஆளைத் தண்ணீரில் மிதக்கவிட எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய தறப்பாள், மழை வந்தால் திறந்த கூரையில் விரிக்க வைத்தது. கேத்தான் மேற்கே பார்த்தார். புகைக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது. தறப்பாளை இழுத்து வந்து விரித்தார். நாலு மூலையையும் நாலு பேர் தூக்கிப் பிடிக்க, அண்ணையை அதில் போட்டு ஐஸையும் தண்ணீரையும் கொட்டினோம். அவர் கத்திய கத்தல் வீதி முழுக்கக் கேட்டிருக்கும்.

பிறகு வந்த தீயணைப்பு வண்டியின் ஏணியில் அவரை இறக்கியபோது முதல் இடி விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் மழை கண்ணாடியை அறைந்தது. மரக்கிளைகள் வீதியில் முறிந்து கிடந்தன. கூரை நனைந்தது. அதற்குக் கீழே மேல் மாடியில் குடியிருந்த கிழவரின் படுக்கையறை உட்கூரை இடிந்து விழுந்ததாகப் பிறகு அறிந்தேன். கிழவர் நல்ல காலம் சமையலறையில் இருந்திருக்கிறார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்களோடு கதைத்த டொக்டர் ஒரு நடுவயதுப் பெண். எதையும் பூசி மெழுகாதவர். ராப்டோமயோலைசிஸ் (தசை நார்கள் உடைந்து இரத்தத்தில் கலப்பது) என்றார். அது சிறுநீரகத்தை அடைத்துவிட்டது, டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) வேண்டும். பையில் வடிந்த சிறுநீர் கோலாவின் நிறத்தில் இருந்தது. ஈரலும் அடிபட்டிருக்கிறது.

"இவையெல்லாம் திரும்பக்கூடும். மூளை எவ்வளவு வெந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. எழும்பிக் கதைத்தால்தான் தெரியும்."

வெந்திருக்கிறது என்பது என் மொழிபெயர்ப்பு. அவர் சொன்னது அதைவிடக் கொஞ்சம் மென்மையானது. அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"தம்பி, உம்மட அண்ணை என்னை அடையாளம் காணுவாரோ எண்டு கேளும்."

கேட்டேன். டொக்டர் அதற்கும் அதே பதிலைத்தான் சொன்னார்.

சுவாசக் குழாயை எடுத்த பிறகு அண்ணை எழும்பினார். ஆனால் எழும்பியது அண்ணையா என்று தெரியவில்லை. இதை டெலிரியம் (தீவிர நோயில் வரும் கடும் மனக்குழப்பம்) என்கிறார்கள். எல்லோருக்கும் இப்படி வராது. வந்தால் என்ன என்று தெரிந்திருப்பது நல்லது. கழுத்திலிருந்த டயாலிசிஸ் குழாயைப் பிடித்து இழுத்தார். கட்டில் விரிப்பு சிவந்தது. ஒரு தாதியின் வயிற்றில் உதைத்தார். அண்ணி கன்னத்தைத் தடவப் போக, கையை முறுக்கினார். கடைசியில் இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டினார்கள். கட்டியதும் வாய் திறந்தது. பிரெஞ்சு முழுக்க மறந்துபோய், தூய யாழ்ப்பாணத் தூஷணம்.

"என்ன சொல்கிறார்?" டொக்டர் என்னிடம் கேட்டார்.

"கை நோகுதாம்," என்றேன்.

அடுத்த நாளும் கேட்டார். "தண்ணி வேணுமாம்," என்றேன். இன்னொரு தரம், தாதிக்கு நன்றி சொல்கிறார் என்றேன். பக்கத்தில் அண்ணி நின்றார். அந்தச் சொற்களை அவருக்கு முன்னால் எந்த மொழியிலும் என் வாயால் சொல்ல முடியாது. அண்ணையைக் கேவலமாகக் காட்டவும் விருப்பமில்லை.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நன்றி சொல்ல இவ்வளவு நேரம் எடுக்குமா உங்கள் மொழியில்?" என்று கேட்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நீங்கள் சொல்வதை வைத்துத்தான் இவருடைய மூளையை நான் அளக்கிறேன். துடைக்காமல் தாருங்கள்."

டொக்டர் என்ன கேட்கிறார் என்பது அண்ணிக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வெளியே போகவில்லை. "சொல்லும் தம்பி. கலியாணம் கட்டின நாளில இருந்து கேக்கிறன். பிரெஞ்சில எப்பிடி இருக்குமெண்டு பாப்பம்."

நான் தொடங்கினேன். டொக்டரின் பரம்பரையைப் பற்றி அண்ணை சொன்னதைச் சொன்னேன். தாதியை என்ன செய்வேன் என்றார், கட்டை அவிழ்த்தால் யாருடைய கழுத்தை எப்படி வெட்டுவேன் என்றார், அதையும் சொன்னேன். என் காது எரிந்தது. அதற்கு நடுவில், தூஷணத்தோடு தூஷணமாக, அவர் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "திறந்து கிடக்கு, கீழ ஆள் இருக்கு, விடுங்கோடா." முந்தைய நாட்களிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். வசையை வெட்டும்போது நான் இதையும் சேர்த்து வெட்டியிருந்தேன்.

"எது திறந்திருக்கிறது?" டொக்டர் கேட்டார்.

"கூரை."

அவர் நிமிர்ந்து இருந்தார். "அப்படியென்றால் இவர் சும்மா அடிக்கவில்லை. வேலைக்குப் போகப் பார்க்கிறார்."

கூரை மூடியாச்சு என்று நான் அண்ணையின் காதில் சொன்னேன். நம்பவில்லை. "உனக்கென்னடா தெரியும் கூரையைப் பற்றி," என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. அன்று பின்னேரம் கேத்தானை அழைத்தேன். வேலைச் சப்பாத்தோடு, தார் மணத்தோடு வந்தார். தன் தலைக்கு மண்வெட்டி வீசியவரின் கட்டில் ஓரத்தில் அமர்ந்து, கைப்பேசியில் படத்தைக் காட்டினார். புயல் ஓய்ந்த மறுநாள் அவர்கள் மூடிய கூரை. "மூடியாச்சு, ரூபன்," என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்.

அண்ணை படத்தை வெகுநேரம் பார்த்தார். கண் ஒரு இடத்தில் நிற்கக் கஷ்டப்பட்டது. பிறகு நாக்குக் குழறக் குழறக் கேட்டார்: "புகைபோக்கியைச் சுத்தி ஒட்டினவங்களோ, இந்த நாயள்?"

நாயையும் சேர்த்து மொழிபெயர்த்தேன்.

"ஒட்டினோம்," என்றார் கேத்தான். "நானே ஒட்டினேன்."

டொக்டர் கேத்தானிடம் கேட்டார்: "இது சரியான கேள்வியா?"

"நானாயிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தண்ணீர் அங்கேதான் முதலில் இறங்கும்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணையின் கைகள் கட்டை இழுப்பதை நிறுத்தின. மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள்.

அவர் முழுதாகத் திரும்பினார் என்று சொல்ல மாட்டேன். சிறுநீரகம் மெல்ல வேலை செய்யத் தொடங்கியது, டயாலிசிஸ் நின்றது. சிறுமூளை (உடலின் சமநிலையை ஆளும், மூளையின் பின்பகுதி) அடிபட்டிருந்தது. கோப்பையைத் தூக்கினால் தேத்தண்ணி சிந்தும். களைத்தால் நாக்குக் குழறும். நடக்கும்போது சுவரில் ஒரு விரல் இருக்க வேண்டும். ஏணி இனி இல்லை என்று சொன்னார்கள். ஏணி இல்லை என்று கேட்ட அன்று அவர் ஏசவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஒரு தரம் இப்படிச் சூடான உடம்பு இனிச் சூட்டைத் தாங்காது. வியர்வை ஒழுங்காக வராது, தான் சூடாகிறேன் என்பதும் தெரியாது. அதனால் எங்கள் வீட்டுக் கோடை மாறிவிட்டது. நாங்கள் நகரத்தின் வடக்கே அஹுன்ட்சிக்கில் இருக்கிறோம். விடிய வெளிச்சம் வந்தவுடன் அண்ணையும் நானும் நடக்கப் போவோம். வெயில் ஏறமுன் திரும்பிவிட வேண்டும். பிறகு பின்னேரம் வரை ஏசி அறை. நடுப்பகல் என்ற ஒன்றே அவருடைய நாளில் இல்லை. அறிவிப்பில் மழை வாய்ப்பைச் சொன்னால் நான் இப்போது கேட்பதில்லை; வெப்பத்தையும் புகையையும் கேட்கிறேன். அவர் மட்டும் இன்னும் மழையைக் கேட்கிறார்.

இந்தக் கோடையிலும் புகை வந்தது. ஒரு புகை நாளில், அவருடைய அறையில் இருந்துகொண்டு, படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டுக் கேத்தானிடம் முழுநேர வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன். அண்ணை கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு, தலையிடிக்குது என்று சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"தம்பி, எனக்குக் கோபம் வருது. அண்ணியைக் கூப்பிடு."

அண்ணி வெப்பமானியோடு வந்தார். ஈரத் துவாயைப் பிடரியில் போட்டார், குளிர் தண்ணி குடிக்கக் கொடுத்தார். மூன்று பேரும் காத்திருந்தோம். தன் உடம்புக்குள் இருப்பது என்னவென்று அறிய அவரும் எங்களோடு சேர்ந்து காத்திருந்தார், வேறு யாரோ ஒருவருடைய உடம்புபோல. வெப்பமானி கீச்சிட்டது, அண்ணி எடுத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் ஒண்டுமில்லை. இப்ப எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான் இருக்கு."

"அப்ப இது கோபம்தான்."

"ஏசலாமோ?"

"ஓம், ஏசுங்கோ," என்றார் அண்ணி, என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.

அண்ணை துவாயை எடுத்து மடித்து வைத்தார். என் பக்கம் திரும்பினார். அவசரப்படாமல், ஒரு சொல்லும் குழறாமல், தொடங்கினார்.