மூன்றாம் குதிரின் அனுமதிச் சீட்டு

நெலிமாவை எங்கள் மில்லின் பாதுகாப்புக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்ததே பாதி கேலிக்காகத்தான். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும், அதில் சரிபாதி தொழிலாளர் பக்கத்து ஆட்கள் உட்கார வேண்டும் என்பது சட்டம். கிட்டாலே ஊரின் மாவு மில்களிலேயே எங்களுடையது பெரியது. அறுபத்தெட்டுப் பேர் இருந்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் பத்தே நிமிடத்தில் தேர்தல் முடிந்தது. "எதுக்கெடுத்தாலும் பயப்படுற ஆளுதான் இதுக்குச் சரி" என்று யாரோ சொல்ல, எல்லோரும் அவள் பெயருக்குக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

அவள் பயந்த சுபாவம் உள்ளவள்தான். மாவு மூட்டைகளின் வாயைத் தைக்கும் மெஷினில் பதினொரு வருடமாக இருந்தாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் கரி அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவளுடைய கணவன் மசிண்டே வாடகை மோட்டார் பைக் ஓட்டுபவன். அவன் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்துத்தான் விடுவாள்.

பதவி வந்ததும் அவள் செய்த முதல் வேலை, வாசலருகே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்த சட்டச் சுருக்கத்தைப் படித்தது. அது அங்கே தொங்குவதை அதுவரை யாரும் கவனித்ததில்லை. தேநீர் வேளையில் கோப்பையும் கையுமாக நின்று தினம் ஒரு பத்தி படித்தாள். முதலாளி என்னென்ன செய்ய வேண்டும் என்ற பகுதியைப் படித்தபோது எங்களுக்கும் உரக்கச் சொன்னாள். தொழிலாளி என்னென்ன செய்ய வேண்டும் என்ற பகுதி வந்ததும் குரல் தணிந்தது. தன்னையும் கூட இருப்பவரையும் காப்பது தொழிலாளியின் கடமை, ஆபத்தைப் பார்த்தால் மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும், கொடுத்த பாதுகாப்புச் சாமானை மாட்டியாக வேண்டும் என்றிருந்தது. "இது நமக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு, வேகுலோ" என்று என்னிடம் சொன்னாள். நான் பக்கத்து எடைமேடையில் இருந்தவன்.

மில்லின் பின்பக்கம் நான்கு இரும்புக் குதிர்கள் நின்றன. ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். மக்காச்சோளத்தை மேலே கொட்டுவார்கள். அடியில் சுழலும் திருகுத்தண்டு அதை மில்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ஈரச் சோளம் வந்துவிட்டால் உள்ளே கெட்டிப்பட்டுக் கூரைபோல் நின்றுவிடும். அப்போது ஆள் இறங்கிக் கம்பியால் இடித்துவிட வேண்டும். அதற்கு ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. திருகை நிறுத்திப் பூட்டியாயிற்றா, பூச்சி மருந்துப் புகை போயிற்றா, இறங்குபவன் இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டியிருக்கிறானா, மேல் வாயில் காவலுக்கு ஒருவன் நிற்கிறானா என்று பார்த்து, சூப்பர்வைசர் ஒரு கையெழுத்து, தொழிலாளர் பக்கத்தில் நெலிமா ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் சில மாதங்கள் அவள் ஒவ்வொரு முறையும் ஏணியில் ஏறினாள். உயரம் என்றால் அவளுக்குக் கை வியர்க்கும். பாவாடையை முடிச்சுப் போட்டுக்கொண்டு, கண்ணை இரும்பில் வைத்தபடி, அறுபது படி ஏறி இறங்குவாள். கீழே நிற்கும் ஆண்கள் சிரிப்பார்கள். சூப்பர்வைசர் கிபோர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மார்ச் மாதத்தில் அவளுடைய மகளுக்கு மலேரியா கண்டு ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் விடுப்புக் கேட்டு வந்தவளிடம் கிபோர் சீட்டுக் கட்டு ஒன்றை நீட்டினார்.

"போயிட்டு வா. ஆனா இதுல ஒரு பத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ. நீ இல்லேன்னா இங்க வேலை நிக்கணுமா?"

எல்லாம் வெற்றுச் சீட்டுகள். தேதி கிடையாது, குதிர் எண் கிடையாது, ஆள் பெயர் கிடையாது. எடைக் கணக்கோடு அங்கே நின்றிருந்த என்னை அவள் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே பத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்ததும் அந்தக் கட்டைக் கேட்டாள். கிழித்துப் போட்டுவிட்டேன் என்றார் கிபோர். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். சந்தேகமா என்றார். அதற்குமேல் கேட்க அவளால் முடியவில்லை. ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று முகம் மாறிவிடும். "அது நிஜமாவே கிழிச்சிருப்பாரா?" என்று என்னிடம் எத்தனை முறை கேட்டாளோ, கணக்கில்லை.

அக்டோபரில் அறுவடை வந்தது. மலைப்பக்கத்து மழை விடாமல் பெய்ததால் காயாத சோளமே வந்தது. ஒரு வியாழக்கிழமை, முற்பகல் பத்தரை மணி இருக்கும். வாசலில் ஏழு லாரிகள் மாவுக்காக நின்றன. மூன்றாம் குதிரிலிருந்து வரும் சோளம் நின்று போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது, விட்டு விட்டு வந்தது. நெலிமா மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

"சிமியு எங்க?" என்று என்னைக் கேட்டாள். சிமியு குதிர் வேலைக்காரர்களில் ஒருவன், முப்பது வயது, ஒல்லியான ஆள். மூன்றில் இறங்கியிருப்பான், கூட வேலை செய்யும் லுஸ்வேட்டி மேல் வாயில் காவலுக்குப் போனான் என்றேன்.

"திருகு ஓடிக்கிட்டிருக்கே."

அப்போதுதான் எனக்கும் அந்த உறுமல் காதில் விழுந்தது. எந்நேரமும் கேட்கும் சத்தம் என்பதால் உறைக்கவேயில்லை. அவள் எழுந்து சுவிட்சுப் பெட்டியிடம் போனாள். பக்கத்துப் பலகையில் அன்றைய அனுமதிச் சீட்டு குத்தியிருந்தது. மூன்றாம் குதிர், சிமியு, அன்றைய தேதி, எல்லாம் கிபோரின் எழுத்தில். கீழே நெலிமாவின் கையெழுத்து.

அவள் அதைப் பார்த்தபடி நின்றது ஒரு நொடிதான். மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். உறுமல் அடங்கியது.

"உன் சைக்கிள் பூட்டைக் கொண்டா."

கொண்டு வந்து கொடுத்தேன். சுவிட்சின் கைப்பிடியைச் சேர்த்துப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ஏணிக்கு ஓடினாள். சாப்பாட்டுக் கூட வாசலில் லுஸ்வேட்டி எண்ணெயில் பொரித்த மந்தாசி ஒன்றைத் தின்றுகொண்டு நின்றான். மேல் வாயில் யாருமே இல்லை என்று அதிலிருந்து எனக்குப் புரிந்தது. நானும் அவள் பின்னால் ஏறினேன்.

மழையில் படிகள் வழுக்கின. அவள் நடுவில் எங்கும் நிற்கவில்லை. மேலே போனால் பாதுகாப்பு வார் கொக்கியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டும் தூசியும்தான். "சிமியு" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். அவள் குரல் இரும்பில் மோதித் திரும்பி வந்தது. கீழே மில் முழுவதும் நின்றுபோயிருந்தது. இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அப்படியொரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ கூப்பிட்டபோது இருமல் கேட்டது.

"இருக்கேன்க்கா."

கயிற்றை இறக்கினோம். அவன் வெளியே வர வெகுநேரம் ஆனது. முடி, புருவம், வாய் எல்லாம் தூசி. ஒரு காலில் பூட்ஸ் இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, பூட்ஸ் கழன்று விழுந்துவிட்டது என்றான். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனான்.

ஆக, ஒன்றும் நடக்கவில்லை. மில் இரண்டு மணி நேரம் நின்றதுதான் நடந்தது. லாரிக்காரர்கள் கத்தினார்கள். அன்று எல்லோரும் கூடுதலாக இருந்து வேலையை முடிக்க வேண்டியிருந்ததால் எங்கள் ஆட்களே அவளை முறைத்தார்கள். "பூனை குறுக்க போனாக்கூட மில்லை நிறுத்திருவா போல" என்றான் லுஸ்வேட்டி.

மறுநாள் காலை மேனேஜர் ரோட்டிச் அவளைக் கூப்பிட்டார். சாட்சிக்கு என்று அவள் என்னையும் அழைத்துப் போனாள். ரோட்டிச் குரலை உயர்த்துகிறவர் இல்லை. உட்காரச் சொன்னார். கிபோர் ஜன்னலோரம் நின்றார். மேசைமேல் அந்தச் சீட்டு இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"நீங்களே எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் நீங்களே மில்லை நிறுத்தியிருக்கீங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

தவறாகப் புரிந்துகொண்டு நிறுத்திவிட்டேன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார். இல்லையென்றால் விசாரணை வைக்க வேண்டிவரும். அதில் முதல் கேள்வியே இந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இருக்கும் என்றார். நெலிமா திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டாள்.

அந்த இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மசிண்டே பிறகு என்னிடம் சொன்னான். உகாலிக் களியைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாளாம். எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் அவனும் சொல்லியிருக்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பிள்ளைகளைப் பார் என்றிருக்கிறான். அவளும் காகிதத்தை எடுத்து இரண்டு வரி எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த ஒற்றைக் கால் பூட்ஸ் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டிப் போடும் பூட்ஸ் எப்படித் தானாகக் கழலும்?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து சிமியுவின் வீட்டுக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். அவன் வாசலில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வேலைக்கு வரவில்லை. அவன் மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போன பிறகு, இடுப்புக்கு மேல் கையை வைத்துக் காட்டினான்.

"இது வரைக்கும்க்கா. கூரை இடிஞ்சதும் சோளம் என்னைப் பிடிச்சு இழுத்துச்சு. கத்தலாம்னா வாய்க்குள்ள தூசி. நெஞ்சுக்கு வர்றதுக்குள்ள நின்னுருச்சு. நீங்கதான் நிறுத்தினீங்கன்னு எனக்குத் தெரியாது. கையால தோண்டித் தோண்டி காலை எடுத்தேன்."

"அன்னைக்கே ஏன்டா சொல்லலை?"

"நான் வார் கட்டலையே. மேலேயே தொங்குச்சு, பார்த்தீங்கல்ல. சீக்கிரம் முடிக்கணும்னு அப்படியே இறங்கிட்டேன். சொன்னா என் தப்புன்னுதானே சொல்லுவாங்க?"

நெலிமா கோப்பையைக் கீழே வைத்தாள். மார்ச்சில் வெற்றுச் சீட்டுகளில் தான் கையெழுத்துப் போட்ட கதையை அவனிடம் சொன்னாள். கண்ணால் பார்த்த என்னைத் தவிர வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை, மசிண்டேயிடம்கூட.

"உனக்கு வார். எனக்குக் கையெழுத்து. அந்தப் பயத்துல நாம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்தா, அடுத்து உள்ள இறங்குறவன் கதி என்ன?"

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். சாட்சி சொல்ல வருவான் என்ற நம்பிக்கை இல்லாமல்தான் நாங்கள் எழுந்து வந்தோம்.

திங்கட்கிழமை அவள் மேனேஜர் அறைக்குப் போகவில்லை. நகரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனாள். ஒபுரா என்ற நடுவயது அதிகாரி, குதிர் ஆபத்தைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். முடிந்தது என்று பேனாவை மூடியபோது, இன்னும் ஒன்று இருக்கிறது என்று தன் கையெழுத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர் பேனாவை மறுபடி திறந்துகொண்டு, இது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம், தெரியுமா என்று கேட்டாராம். தெரியும் என்றாளாம். வாக்குமூலத்தின் கீழ் போட்ட கையெழுத்து தன்னுடையது போலவே இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

அவர் புதன்கிழமை வந்தார். அதற்கு முந்தைய நாள் முழுவதும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. இரண்டு மூட்டைகளைக் கோணலாகத் தைத்தாள். அது அவள் கைக்கு வராத தப்பு. ஒபுரா குதிரில் ஏறிப் பார்த்தார். சோளம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று கம்பியை விட்டு உள்ளே துழாவச் சொன்னார். பிறகு அலுவலகத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சீட்டுக் கட்டைக் கேட்டார். கிபோர் தயங்கிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். எழுதாத சீட்டுகள் நான்கு இருந்தன. நான்கிலும் நெலிமாவின் கையெழுத்து இருந்தது.

"இந்தம்மா ஏறிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்கன்னு சொன்னீங்க. அடுத்த வாரம் இறங்கப்போற குதிருக்கும் இப்பவே ஏறிப் பார்த்துட்டாங்களா?" என்று கேட்டார் ஒபுரா.

கிபோர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் சிமியு எழுந்தான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்பைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப் போயிருந்தது. வார் கட்டாததையும் அவனே சொன்னான். மார்ச்சில் நடந்ததை நான் பார்த்தேன் என்று நானும் சொன்னேன். ஏழு மாதம் தாமதம்.

நான்கு குதிர்களிலும் ஆள் இறங்கத் தடை எழுதி ஒட்டினார்கள். மூன்று வாரம் அது நீடித்தது. ஒவ்வொரு திருகுக்கும் தனிப் பூட்டு வந்தது. உள்ளே இறங்குகிறவன் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கம்பெனிமீது வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். கிபோர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நெலிமாவை வேலையை விட்டு எடுக்க முடியவில்லை; ஆபத்தென்று நியாயமாக நம்பி நடந்துகொண்டவரைத் தண்டிக்கக் கூடாதென்று சட்டம் சொல்கிறது. ஆனால் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை மூன்று முறை வாசித்துவிட்டு, "இது சரிதான்" என்று வாங்கிக்கொண்டாள்.

மில் பாதி வேகத்தில் ஓடிய அந்த மூன்று வாரமும் பலர் அவளோடு பேசவில்லை. சிலர் இன்றும் பேசுவதில்லை. அடுத்த தேர்தலில் லுஸ்வேட்டி அவளை எதிர்த்து நின்றான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பெட்டி வைத்துச் சீட்டுப் போட்டோம். இரண்டே வாக்கில் அவள் ஜெயித்தாள். அதிலிருந்து அவளுக்கு ரத்த அழுத்த மாத்திரையும் ஆரம்பமானது.

சிமியு குதிர் வேலைக்குத் திரும்பவில்லை. மூட்டை நிரப்பும் பக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு, நெலிமாவின் மெஷினுக்கு முன்னால் நிற்கிறான். அவன் நிரப்பித் தள்ள, அவள் தைக்கிறாள். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. சில காலைகளில் பின்பக்கம் திருகு உறுமத் தொடங்கும்போது அவன் கை நின்றுவிடும். அவள் அவசரப்படுத்துவதில்லை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, அவன் அடுத்த மூட்டையைத் தொடும் வரை காத்திருப்பாள்.