தட்டான் சுற்றிய இடம்

இன்று காலை நடையில் தட்டான் கூட்டமொன்றைப் பார்த்ததும் நின்று காலடியைப் பார்த்தேன். கூட வந்த நண்பர் சிரித்தார். காரணத்தைச் சொன்னேன்.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை மாதம், செய்தி சேகரிக்கத் தாராபுரம் பக்கம் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் தோட்டம் காடு வழியே நடந்தேன். உண்ணிச்செடிப் புதரெல்லாம் பட்டாம்பூச்சிகள். புதருக்கு அப்பால் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றின. அண்ணாந்தபடியே செடியை விலக்கிப் போனேன்.

"ஏனுங்க, அப்படியே நில்லுங்க."

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள். குரல் உயரவே இல்லை.

"காலை எடுக்காதீங்க. கீழ பாருங்க."

ஓரடிக்கு முன்னால் தரை இல்லை. சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறு. என் செருப்பு தள்ளிய கல் தண்ணீரைத் தொட்ட சத்தம் தாமதமாகத்தான் வந்தது.

பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். "கத்தியிருக்கலாமே அம்மா?"

"கத்துனா திடுக்குன்னு முன்னால ஒரு எட்டு வெச்சுப்போடுவீங்க. போன மாசம் அப்படிக் கத்தித்தானுங்க ஒரு ஆட்டை உள்ள உட்டுப்போட்டேன்." பிறகு சொன்னார்: "இந்த வெய்யில்ல தட்டான் சுத்துனா கீழ தண்ணி இருக்கும்ங்க. இதுகூடத் தெரியாதுங்களா?"

கேட்டு முடித்த நண்பர் மெல்லக் குனிந்து பார்த்தார். எங்களுக்கு நாலடி முன்னால், சாக்கடையை மூடிய சிமென்ட் சிலாப் ஒன்றைக் காணோம்.

உங்கள் தெருவில் தட்டான் எங்கே சுற்றுகிறது?