என் துண்டை இழுத்த வழக்கறிஞர்

நேற்று விடியற்காலையில் குஜிலியம்பாறையிலிருந்து வீராயி அழைத்தார். "நம்ம வக்கீலய்யா போயிட்டாக" என்று விம்மியவர், அழுகைக்கு நடுவே, "கூட்டம் போட்டா நீங்க நீட்டிப் பேசுவீகளே, இனி யாரு நிறுத்துறது?" என்றும் கேட்டார். துயரத்திலும் உண்மை பேசும் ஊர் அது.

திண்டுக்கல் வழக்கறிஞர் காதர் மீரானை நினைவுகூர வந்திருக்கும் அன்பர்களே! பயிர் இரகச் சட்டம் உழவருக்குத் தரும் உரிமையை ஊர் ஊராகச் சொன்னவர் அவர். விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட இரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. அதற்குமேல் அதே மேடையில் நான் முழங்கினால் பின்னாலிருந்து துண்டை இழுப்பார். "அப்பு, விதையைத் தூவினா முளைக்கும். பேச்சைத் தூவினா கூட்டம் கலைஞ்சிரும். உட்காருங்க."

வீராயி ஊர்க் கத்தரியை உழவர் இரகமாகப் பதிய அவர்தாம் விண்ணப்பித்தார். பதிவானால் பிறர் எவரும் அதைத் தம் கண்டுபிடிப்பென உரிமை கோர இயலாது. காயைச் செடியிலேயே பார்க்க ஆய்வாளர்கள் வந்தனர். விருந்தினர் வருகிறார்கள் என்றதும் ஊர் என்ன செய்தது? ஒரு காய் விடாமல் பறித்துக் குழம்பு வைத்துவிட்டது!

வீராயி பெருமிதத்தோடு அண்டாவைத் திறந்தார். "அம்புட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு. தின்னு பாருங்க, இந்த ருசி எங்கயும் வராது."

"அம்மா, சட்டம் ருசியைக் கேக்கல. நிறமும் வடிவமும் செடிக்குச் செடி ஒண்ணுபோல இருக்கான்னு கேக்குது" என்றார் ஆய்வாளர். "செடியில காய் இல்லேன்னா, இல்லேன்னே எழுதிட்டுப் போக வேண்டியதுதான்."

மீரான் ஒலிவாங்கியை என் கையில் திணித்தார். "நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க." வாழ்நாளில் அவர் எனக்களித்த ஒரே விடுதலை! மாந்தன் ஏர் பிடித்த முதல் நாளிலிருந்து தொடங்கினேன். ஆய்வாளர்கள் கடிகாரத்தைப் பார்த்தனர், நான் பார்க்கவில்லை.

அவரோ வீராயியின் நாத்தனார் செல்லம்மாளின் வேலிப்படலருகே நின்றிருந்தார். வரப்புத் தகராற்றில் அந்தப் பெண்கள் இருவருக்கும் பேச்சில்லை. விருந்துக்கு அழைப்பில்லாததால் செல்லம்மாள் ஒரு காயும் பறிக்கவில்லை. பகைக்கு முன் வீராயியிடம் வாங்கிய அதே விதை. தோட்டம் முழுக்க அதே கத்தரி.

"நான் வேணாம், எங் கத்தரிக்கா மட்டும் வேணுமாக்கும்? அவளே வந்து கூப்பிடட்டும்" என்றார் செல்லம்மாள்.

"செத்தாலும் போக மாட்டேன்" என்றார் அதைக் கேட்ட வீராயி.

"தாயி, விதையைப் பகிர்ந்துக்கலாம்னு சட்டம் சொல்லுது. நாத்தனாரோட பேசணும்னு எந்தப் பிரிவும் சொல்லல. போயி நின்னா மட்டும் போதும்" என்றார் மீரான்.

வீராயி போய் நின்றார். செல்லம்மாள் மேலும் கீழும் பார்த்தார். "கத்தரிக்கா வெஞ்சனம் வச்சியே, சோறு வடிச்சியா, இல்ல அதையும் மறந்துட்டியா?" படல் திறந்தது.

ஆய்வாளர்கள் அங்கே காயைச் செடியிலேயே பார்த்தனர்; பின்னர் கத்தரி பதிவாயிற்று. என் பேச்சோ அன்று சங்க காலத்தைக்கூட எட்டவில்லை. திரும்பிவந்த மீரான் துண்டை இழுத்துவிட்டார்.

நேற்று அவரை அடக்கம் செய்த இடத்தில் வீராயியும் செல்லம்மாளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நின்றனர். படலருகே கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு இன்னும் பேச்சில்லை. சட்டம் கேட்கவில்லையல்லவா!

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இழுப்பு ஒன்றைத்தான். இதைச் சொல்லும்போதே தோளில் துண்டு நகர்கிறது.

இதோ, உட்கார்ந்துவிட்டேன் ஐயா.