மங்கையர்க்கரசியின் காட்டு உளுந்து

நாளைக்கு உலகத்தில் இட்லி இருக்குமா, இருக்காதா என்பதை விஷ்ராந்த்வாடியில், மூன்றாம் மாடி பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து, அரை ப்ளேடால் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார் மங்கையர்க்கரசி. உளுந்தைவிடப் பொடியான கறுப்பு விதை. அதை விரல்நுனியில் இடுக்கி, தோலில் மட்டும் ஒரு கீறல். அடுத்தது.

"கீறாம போட்டா மழைக்காலம் பூரா தூங்கும். கும்பகர்ணன் பரம்பரை."

விதை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் காட்டில் இருக்கும் சொந்தக்காரச் செடிகளைத் தேடி மலையேறுவது பிழைப்பு. மஞ்சள் தேமல் நோய் வந்தால் வயல் உளுந்து படுத்துவிடும். காட்டுக்கொடி பக்கத்திலேயே பச்சையாக நிற்கும். அந்தத் திடத்தை ஒட்டுச் சேர்த்து வயலுக்குக் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில் போகும்போதுகூட டிரைவரைப் பார்த்து இந்தியில் "ருக்கோ, ருக்கோ!" என்று கத்தி, ஏதாவது வேலியோரம் இறங்கிவிடுவார்.

காட்டுக்காய் முற்றினால் வெடித்து விதையை வீசிவிடும். ஆகவே காய்களுக்கெல்லாம் துணிப்பை. "என் பனியன் கிழிஞ்சு தொங்குது, காய்க்கெல்லாம் புதுசு தைச்சு மாட்டியிருக்கா" என்பார் கணவர் ஜம்புநாதன்.

இந்த வருஷம் ஒரு கொடிக்கு மட்டும் தனிச் செல்லம். ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில் ஒரு சரிவில் எடுத்தது. சரிவை வெட்டி அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். அந்த உளுந்து இனி இந்தப் பால்கனித் தொட்டியில்தான்.

அவர் மலைக்குப் போன வாரம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு, எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் இதை எழுதுகிறவனுக்கு. காலிங்பெல்லை அடித்துவிட்டு ஓடுகிற ஆள்தான். ஆனால் பைகளைக் கிழித்தது புறாக்கள். விதை பால்கனி முழுக்க. பாதி கீழே தெருவில். தெருவரை இறங்கித் தேடி, கிடைத்ததை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டான். கிண்ணத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை. வீட்டு டப்பாவிலிருந்து பொடிசான கறுப்பு உளுந்தாகத் தேடி எடுத்து நிரவிவைத்தான்.

மங்கையர்க்கரசி வந்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "அரே வா, நல்ல விளைச்சல்!" ப்ளேடைத் தேடவில்லை. தண்ணீரை ஊற்றி மூடிவைத்தார்.

மறுநாள் காலை கூப்பிட்டு மூடியைத் திறந்தார். சில மட்டும் ஊதிப் புடைத்திருந்தன. மற்றவை கல்லுப்போல அப்படியே.

"கீறாமலே முழிச்சுக்கிட்ட இந்தப் புண்ணியவான்கள்லாம் யாருடா, விச்சு?"

"புறா கொத்திடுச்சு ஆண்ட்டி... நீங்க அழுவீங்கன்னு..."

"கம்மியா இருந்தா கம்மின்னு எழுதிட்டுப் போறேன். உங்க வீட்டு வடை உளுந்து விதை வங்கிக்குப் போயிருந்தா? கோந்த்வா உளுந்துன்னு அதை நம்பி எவனாவது பத்து வருஷம் உழைப்பான்டா."

புடைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தார். கல்லுப்போல் கிடந்தவற்றின் அடியில் தெருமண் படிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் காலைப் பார்த்தார்.

"முட்டியில என்னடா கீறல்?"

"கிரிக்கெட்டு ஆண்ட்டி."

மங்கையர்க்கரசி குனிந்து, முட்டியை மறைத்திருந்த அவன் கையை விலக்கினார்.