கேம் பெட்டியும் என் சுளகும்

போன புதன்கிழமை பகல், பள்ளிமுனையில் எங்கள் தெரு முழுவதும் கோவிலுக்குள் இருந்தது. பூசையும் இல்லை, திருநாளும் இல்லை. பிறகு ஏன்? வெடிச் சத்தம்.

வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வெடிச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கோவிலுக்கு ஓடுவோம். சுவர் தடிப்பு. மாதாவும் இருக்கிறா. நான் தங்கச்சி வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகு கையிலேயே இருந்ததைக் கோவிலுக்குள் போய்த்தான் கண்டேன்.

சாமியார் செபமாலையைத் தொடங்கினார். நான் தலைகளைப் பார்த்தேன். என் மனுசன் சூசை இருக்கிறார். மகன் அன்ரன்… இல்லை!

அவன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

சண்டை திரும்பத் தொடங்கியதில் இருந்து கடலுக்குப் போகத் தடை. எங்கள் வள்ளம் கரையில் குப்புறக் கிடக்கிறது. முப்பது வயது ஆம்பிளை எத்தனை நாள் கிழியாத வலையைப் பொத்திக்கொண்டிருப்பான்? ஒரு நாள் மன்னார் ரவுணுக்குப் போனவன் மட்டைப் பெட்டிகளோடு வந்தான். கொழும்பில் இருந்து லொறியில் வந்த கொம்பியூட்டர் சாமான். வழியில் ஆமி மறிக்கிற ஒவ்வொரு சென்றியிலும் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டி வந்த பெட்டிகள். மட்டையில் இருந்த எழுத்தை வாசிக்க எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் பெற்ற பிள்ளையின் முகத்தை வாசிப்பேன்.

வள்ளத்து எஞ்சினை விற்றுவிட்டான்.

அன்ரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “வீட்டிலேயே கேம் கடை போடப்போறன் அம்மா. இஞ்ச ஒருத்தருக்கும் கடலும் இல்லை, வேலையும் இல்லை. விளையாடவாவது வருவாங்கள்.”

கடைக்காரரே சாமான்களைப் பொருத்திப் பூட்டி விற்கிற கொம்பியூட்டர் கேமுக்கு இழுக்காதாம். ஒவ்வொரு சாமானாகத் தெரிந்தெடுத்து நாமே பூட்ட வேண்டுமாம். நற்கருணை அப்பம் அளவில் ஒரு சதுரத் தகடு — அதுதான் மூளையாம். படம் ஓடுவதற்குத் தனியாக ஒரு பலகை, கிராபிக்ஸ் கார்ட். கையில் இருந்த காசுக்கு, பெரிய கார்ட் எடுத்தால் நல்ல விசிறி எடுக்க முடியாது. நல்ல விசிறி எடுத்தால் கார்ட் சின்னது. அன்ரன் எதை எடுத்தான் என்று நான் சொல்ல வேண்டுமா? அரிசிப் பானை மூடி அளவில் கார்ட். விசிறி? மூளையோடு சும்மா வந்த பிள்ளை விசிறி.

பெட்டியைப் பூட்டும்போது என் மனுசன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நாற்பது வருசம் வள்ள எஞ்சினோடு வாழ்ந்தவர். மூளைக்கும் விசிறிக்கும் நடுவில் சூடு கடத்துகிற பேஸ்ற் தடவ வேண்டும் என்று மகன் சொல்ல, இவர் எஞ்சின் கிறீஸ் டப்பாவோடு வந்து நின்றார். வேண்டாம் என்றதும் முகம் கறுத்துவிட்டது. இது சூடு ஆறத் தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று கேட்டார். தண்ணீரே இல்லை என்றான் மகன்.

“தண்ணி குடிக்காத எஞ்சின் எவ்வளவு தூரம் ஓடுமெண்டு பாப்பம்” என்றார் சூசை.

ஓடவில்லை. கேம் போட்டுக் கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக அணைந்தது. தொட்டுப் பார்த்தேன் — தோசைக்கல்! மன்னார் வெக்கைக்கு அந்தப் பிள்ளை விசிறி எங்கே காணும்? மேசை விசிறியையும் போட்டால் கரண்ட் இறங்கி எல்லாமே அணைந்தது.

கடைசியில் வழி கண்டது மனுசன்தான். இது விடாமல் வீசுகிற சோளகக் காற்றுக் காலம். கடல் பக்கத்து யன்னலைத் திறந்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, திறந்த வயிற்றைக் காற்றுக்கு நேரே திருப்பி வைத்தார், வள்ளத்துப் பாயை விரிக்கிற மாதிரி. பெட்டி அணையவே இல்லை. தகப்பனுக்கும் மகனுக்கும் பெருமை தாங்கவில்லை.

காற்று உள்ளே வருகிற யன்னலால் சத்தம் வெளியே போகும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை நான் கோவிலை விட்டு வெளியே வந்தேன். சாமியார் மறித்தார், நான் கேட்கவில்லை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கிட்டப் போகப் போகச் சத்தம் கூடியது. எங்கே இருந்து? என் வீட்டுக்குள் இருந்து!

யன்னலோரம் சந்திச் சென்றி ஆமிக்காரர் இருவர், துவக்கை உள்ளே நீட்டியபடி. உள்ளே என் மகனின் முதுகு. அவனுக்கு ஒன்றுமே தெரியாது — கண் படத்தில், அன்றைக்குத்தான் பூட்டின இரண்டு பெரிய ஸ்பீக்கரில் துவக்குச் சண்டைக் கேமின் வெடி. நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

திடீரென்று எல்லாம் அடங்கியது. இரண்டு ஆம்பிளைகள் யன்னலை அடைத்து நின்றால் காற்று எப்படி வரும்? பெட்டி சூடேறி அணைந்துவிட்டது.

அன்ரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆரடா அது காத்தை மறைக்கிறது? தள்ளி நில்லு!” என்றான்.



பிறகுதான் திரும்பினான். ஒரு ஆமிக்காரனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். துவக்கு எங்கே என்று கேட்டான். இது கேம் என்றான் மகன். வயரும் தகடுமாக வயிறு திறந்து கிடந்த பெட்டியை அந்த ஆமிக்காரன் பார்த்தான். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் நம்பியிருப்பேனா?

“போட்டுக் காட்டு” என்றான்.

அன்ரன் பெட்டியின் பட்டனை அமத்தினான். எழும்பவில்லை. திரும்ப அமத்தினான்… இல்லை. சூடு ஆறாமல் அது எழும்பாது! அதை எந்தப் பாஷையில் சொல்லி யாரை நம்பவைப்பது?

நான் கதவால் உள்ளே போனேன். கையில் சுளகு. பெட்டிக்கு முன்னால் குந்தி வீசத் தொடங்கினேன். என் பின்னாலேயே வந்திருந்த மனுசன் யன்னலுக்குப் போனார். கையெடுத்துக் கும்பிட்டு, சிங்களத்தில் ஐயா என்று கூப்பிட்டார்.

“மாத்தையா, கொஞ்சம் விலகுங்கோ. காத்து வரட்டும்.”

தமிழ் தெரிந்தவன் மற்றவனோடு விலகினான். அந்தப் புண்ணியத்தை நான் மறக்கமாட்டேன். காற்றும் வந்தது, சுளகும் வீசியது, மாதாவையும் விடாமல் கூப்பிட்டேன். படம் எழும்பினது — அவ்வளவு மெதுவாக எழும்பின ஒன்றை நான் என் வயதில் பார்த்ததில்லை. அன்ரன் கேமைப் போட, ஸ்பீக்கரில் வெடித்தது.

அந்த ஆமிக்காரன் சடாரென்று தலையைக் குனிந்து யன்னலுக்குக் கீழே பதுங்கினான்.

பிறகு எழும்பிப் படத்தைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், என் சுளகைப் பார்த்தான். அவனுக்கும் அன்ரன் வயதுதான் இருக்கும். முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டு, சத்தம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றவனையும் கூட்டிக்கொண்டு போனான்.

வெளியே எங்களைக் கோவிலுக்கு ஓட வைக்கிற அதே சத்தத்தை, காசு கொடுத்து உள்ளே இருந்து கேட்க ஆள் வருமாம்! அதிலும் பெரிய அதிசயம், துவக்கோடு வந்தவனும் எங்களைப் போலவே பதுங்கினது. எங்கள் எல்லாருக்கும் காது ஒரே மாதிரித்தான் பழுதாகியிருக்கிறது.

அடுத்த நாளே அன்ரன் ஸ்பீக்கரைக் கொடுத்துப் பெரிய விசிறி மாற்றிவந்தான். கடையில் இப்போது கார் ஓட்டம் மட்டும், அதுவும் ஊமையாக. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிய பெண்டுகள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்தப் பெட்டியைப் பூட்டப் போகிறார்கள் என்றால், முதலில் விசிறியை வாங்கச் சொல்லுங்கள்… என் சுளகை நான் இரவல் தருவதாக இல்லை.